எழுத்து ஒன்று, பிறப்பு வேறு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஒரே மாதிரி எழுதப்படுகின்ற சொற்கள் எல்லாம் ஒரே சொல் ஆகிவிடமாட்டா என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய 'காசு' என்பதிலிருந்து போனது என்று பலரும் பெருமையோடு சொல்கிறார்கள். வேறு சிலரோ அது வெறும் கட்டுக்கதை என்கிறார்கள். எது சரி?

பதில்: இரு தரப்பாரிடமும் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் பேசுவது ஒரே சொல்லைப் பற்றி அன்று. சி, ஏ, எஸ், ஹெச் என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்படும் 'கேஷ்', பெரிய ஆங்கில அகராதிகளில் இரண்டு தனித் தலைச்சொற்களாக இடம்பெற்றிருக்கும். முதலாவது நாம் எல்லோரும் அறிந்த ரொக்கப் பணம். அது பெட்டியைக் குறித்த 'காப்ஸா' என்ற இலத்தீன் சொல்லில் பிறந்து, இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் அது பணம் வைக்கும் பெட்டியையே குறித்தது. பிறகு பெட்டிக்குள் இருக்கிற பணத்துக்குப் பெயராயிற்று. மருந்தை அடைத்து விற்கிற 'கேப்ஸ்யூல்' என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தக் கேஷுக்கும் தமிழுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது கேஷ் நம்முடையது. தென்னிந்தியக் கடற்கரைக்கு வணிகம் செய்ய வந்த போர்த்துக்கீசியர் 'காசு' என்ற சிறு நாணயத்தின் பெயரைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி 'காய்ஷா' என்று வழங்கினர். அவர்களிடமிருந்து அதை வாங்கிய ஆங்கிலேயர் தங்களுக்குப் பழக்கமான எழுத்துக்கூட்டலில் 'கேஷ்' என்று எழுதினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் சேர்ந்தது 'பணம்' என்ற நாணயம் ஒன்று. 42 பணம் சேர்ந்தது ஒரு வராகன். அங்கிருந்து அந்தப் பெயர் இன்னும் கிழக்கே பயணம் செய்தது. நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைக்கப்பட்ட பழைய சீன நாணயங்களையும் ஆங்கில நூல்கள் இன்றுவரை 'கேஷ்' என்றே குறிப்பிடுகின்றன. ஆக, சீன நாணயத்தின் ஆங்கிலப் பெயர் தமிழிலிருந்து போனது என்று சொன்னால் அது சரி. கடையில் நீட்டுகிற ரொக்கத்தின் ஆங்கிலப் பெயர் தமிழிலிருந்து போனது என்று சொன்னால் அது தவறு.

இதில் நான் மிகவும் ரசிப்பது நடுவில் நிற்கும் போர்த்துக்கீசியச் சொல்லைத்தான். அந்த மொழியில் 'காய்ஷா' என்றால் ஏற்கெனவே பெட்டி என்று பொருள். அதுவும் இலத்தீன் 'காப்ஸா'வின் வழித்தோன்றலே. காசு என்ற அயல்சொல் காதில் விழுந்தபோது, தங்களிடம் தயாராக இருந்த பெட்டிக்குள் அதைப் போட்டு மூடிவிட்டார்கள். ஒரே எழுத்தில் இரண்டு சொற்கள் மோதிக்கொண்ட விபத்து ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, அதற்கு முன்னரே போர்த்துக்கீசியத்தில் நடந்துவிட்டது.

நம் பக்கத்திலும் 'காசு' தனி ஆள் இல்லை. நாணயம், மணி என்ற பொருள்களோடு குற்றம் என்ற பொருளும் பழந்தமிழில் அதற்கு உண்டு. கம்பர் தம் காவியத்தின் அவையடக்கத்தில் 'காசு இல் கொற்றத்து இராமன் கதை' என்கிறார். குற்றமற்ற வெற்றியை உடைய இராமன் என்பது பொருள். கையில் காசில்லாத இராமன் என்று ஒரு மாணவர் உரை எழுதினால் அவரை நான் கோபிக்க மாட்டேன். எழுத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு இலக்கணக்காரர் வைத்த நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளிலும் ஒரு காசு இருக்கிறது.

கேள்வி: 'பலபொருள் ஒருசொல்' என்று தொல்காப்பியமே சொல்லியிருக்க, நீங்கள் அவற்றைப் பல சொற்கள் என்று பிரிப்பது மரபுக்கு முரண் இல்லையா?

பதில்: தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என்று இரண்டு வகையாக்குகிறார். 'மா' என்று நிறுத்திவிட்டால் மரமா விலங்கா என்பது விளங்காது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் குதிரை. கேட்பவர் எப்படிப் பொருளைப் பிரித்தறிகிறார் என்பதே அவருடைய கேள்வி. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பது வேறு கேள்வி. அதை அவர் அங்கே எழுப்பவில்லை. எனவே முரண் ஒன்றும் இல்லை. நிகண்டுகளும் இப்படித்தான். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வதற்கே ஒதுக்கப்பட்டது. அதை மனப்பாடம் செய்த மாணவனுக்குப் பொருள்கள் வேண்டியிருந்தன, பரம்பரை வேண்டியிருக்கவில்லை.

பரம்பரையைப் பார்க்கத் தொடங்கும்போதுதான் இரண்டு வகை நிலைமைகள் தனித்தனியே தெரிகின்றன. 'திங்கள்' என்பது நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் கொண்டே மாதத்தை எண்ணினார்கள் என்பதால் ஒரு பொருளிலிருந்து மற்றொன்று கிளைத்தது. இது உண்மையிலேயே ஒரே சொல். 'ஆறு' அப்படி இல்லை. எண்ணைக் குறிக்கும் ஆறும் நீர் ஓடும் ஆறும் தமிழில் ஒரு புள்ளி வேறுபாடும் இல்லாமல் எழுதப்படுகின்றன. தெலுங்கைக் கேட்டுப் பாருங்கள்: எண்ணுக்கு 'ஆறு' என்றும் நதிக்கு 'ஏறு' என்றும் அது சொல்லும். உறவுமொழியில் இரண்டாக நிற்பவை தமிழில் ஒன்றாகத் தோன்றுகின்றன என்றால், அவை தொடக்கத்திலேயே இரண்டு சொற்கள் என்று கொள்ளலாம். சகோதர மொழியின் சாட்சியம் கிடைக்கும்போது அதைவிட நல்ல சோதனை வேறு இல்லை.

மொழிக்குள்ளேயே சாட்சியம் கிடைப்பதும் உண்டு. பிரெஞ்சில் 'லீவ்ர்' என்பதை ஆண்பாலாக வழங்கினால் புத்தகம், பெண்பாலாக வழங்கினால் ஒரு பவுண்டு எடை. முதலாவது 'லிபெர்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தும் இரண்டாவது 'லிப்ரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. எழுத்து ஒன்றாகிவிட்ட பிறகும் பால் வேறுபாடு மட்டும் பழைய வேலியைப் போல எஞ்சி நிற்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுகிறவர்கள், சில தலைச்சொற்களின் தலைமேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறிய எண்கள் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அந்த எண்கள் 'இவை பார்வைக்குத்தான் ஒன்று' என்று தொகுப்பாளர்கள் நமக்குச் சொல்லும் குறிப்பு. தலைச்சொல்லின் கீழே தரப்படும் பொருள்கள் ஒரு குடும்பம். தலைச்சொல் எண் மாறினால் குடும்பமே மாறுகிறது.

கேள்வி: 'பாவம்' என்று எழுதினால் செய்த தீமையா, முகத்தில் காட்டும் மெய்ப்பாடா என்று தெரியவில்லை. ககரத்துக்கு நான்கு எழுத்துகள் இல்லாதது தமிழ் எழுத்தின் குறைதானே?

பதில்: குறை என்று நான் கருதவில்லை; ஆனால் குழப்பம் வரும் இடம் அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமஸ்கிருதத்தில் ஒரு வல்லெழுத்து இருக்கும் இடத்தில் மூச்சொலி உள்ளதும் இல்லாததும், அதிர்வு உள்ளதும் இல்லாததுமாக நான்கு எழுத்துகள் இருக்கின்றன. தமிழுக்குள் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. 'பகல்' என்பதில் வரும் ககரம் எப்படி ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடமே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே நமக்கு ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது. வடசொற்கள் வந்தபோது, வட எழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருவதே முறை என்று தொல்காப்பியம் விதித்தது. நான்கு வாசல்கள் வழியே வந்தவர்கள் ஒரே வாசலில் நுழைந்தால் சிலருக்கு ஒரே முகம் வாய்த்துவிடுவது இயல்பே.

கதையைச் சொல்கிற கதையும் வீமன் கையில் ஏந்திய கதையும் வடமொழியில் முதலெழுத்திலும் இரண்டாம் எழுத்திலும் வேறுபட்டவை. 'பலம்' இன்னும் நெருக்கடியானது: வலிமையைக் குறிப்பது ஒன்று, பழத்தையும் பயனையும் குறிப்பது ஒன்று, பழைய எடை அளவு ஒன்று, மூன்று வடசொற்கள் ஒரே தமிழ் எழுத்துக்கூட்டலில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் கேட்ட 'பாவம்' சற்று வேறு விதமானது. தீமையைக் குறிக்கும் வடசொல்லில் இரண்டு எழுத்துமே பகரம். உயிர்களுக்கிடையே வந்த பகரம் தமிழில் வகரமாகத் திரிந்ததால், மெய்ப்பாட்டைக் குறிக்கும் சொல்லோடு அது மோதியது. பேச்சில் இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் மெய்ப்பாட்டின் முதலெழுத்தை அதிர்வோடு சொல்கிறோம். இரக்கப்பட்டு 'ஐயோ பாவம்' என்று சொல்கிறபோது தீமைக்குரிய அதே சொல்தான் தன் கடுமையை இழந்து நிற்கிறது.

அதே பகர வகரத் திரிபு இன்னொரு நல்ல விளையாட்டையும் ஆடியிருக்கிறது. குரங்கைக் குறிக்கும் 'கபி' என்ற வடசொல் தமிழில் 'கவி' ஆயிற்று. புலவரையும் பாட்டையும் குறிக்கும் 'கவி' என்ற வடசொல் அப்படியே 'கவி' என்று வந்தது. இவற்றுக்கு முன்பே, மேகம் கவிவது என்பது போல மூடுவதைக் குறிக்கும் 'கவி' என்ற வினை தமிழில் இருந்தது. தெளிந்து, குளிர்ந்து, ஒழுக்கத்தோடு ஓடுகிற கோதாவரியைச் 'சான்றோர் கவி எனக் கிடந்த' ஆறு என்று பாடிய கம்பர், அதே காப்பியத்தில் வானரங்களையும் கவி என்று அழைக்கிறார். கவிகள் கடலில் அணை கட்டினார்கள் என்பதை இன்றைய கவிஞர்கள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

நான்கு எழுத்துகளும் இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள், எழுத்துகளுக்குப் பஞ்சமில்லாத சமஸ்கிருதத்திலேயே ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லும் நிகண்டுகள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: அயல்மொழிச் சொல் ஒன்று வந்து, ஏற்கெனவே இருந்த சொல்லின் வடிவத்தையே எடுத்துக்கொண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

பதில்: இரண்டு தருகிறேன். 'பிராந்தி' என்ற சொல் மயக்கம், மருட்சி என்ற பொருளில் பழைய தத்துவ நூல்களில் உண்டு. 'சுற்றித் திரிதல்' என்ற பொருளுடைய வடமொழி வேரில் பிறந்தது. மதுவகையைக் குறிக்கும் 'பிராந்தி'யோ 'எரித்து வடித்த மது' என்ற பொருளுடைய டச்சுச் சொல்லில் தொடங்கி ஆங்கிலத்தின் வழியே வந்தது. இரண்டுக்கும் உறவில்லை, விளைவில் மட்டுமே ஒற்றுமை.

'சாவி' இன்னும் சுவையானது. பால் பிடிக்காமல் பதராகிப்போன பயிரை உழவர்கள் 'சாவி' என்பார்கள். 'சா' என்ற தமிழ் வேர் அதற்குள் தெரிகிறது. பூட்டைத் திறக்கும் சாவி போர்த்துக்கீசிய 'ஷாவ்' என்பது. அந்தச் சொல்லின் முதலொலி அக்காலத்தில் நம் சகரத்துக்கு நெருக்கமாக இருந்தது; அதன் மூலம் இலத்தீன் 'கிளாவிஸ்'. நம்மிடம் திறவுகோல் இருக்கத்தான் செய்தது, ஆனாலும் வந்த சாவியே வீட்டுக்காரனாகிவிட்டது.

கேள்வி: இந்திய மொழிகளுக்குப் பொதுவான வடசொற்கள் எல்லா மொழிகளிலும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா? மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன், அதனால் கேட்கிறேன்.

பதில்: நீங்கள் மிகவும் அஞ்ச வேண்டியது இந்த வகையைத்தான். முழுவதும் அயலான சொல்லைக் கண்டால் அகராதியை எடுக்கிறோம். தெரிந்த முகமாக இருந்தால் எடுப்பதில்லை. 'அவகாசம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அதற்கு இடைவெளி, இடம் என்பவை முதன்மையான பொருள்கள். தமிழில் அது கால இடைவெளி ஆனது; 'இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்' என்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வாய்ப்பு. இந்தியில் விடுமுறை. மலையாளத்தில் உரிமை. ஒரு மலையாளச் சட்ட ஆவணத்தில் ஒருவருக்கு நிலத்தின் மேல் இருக்கும் உரிமையை 'அவகாசம்' என்று எழுதியிருக்க, அதைத் தமிழில் அப்படியே விட்டுவைத்தால், உரிமையாளர் தவணை கேட்டு நிற்பவராக மாறிவிடுவார்.

ஆயினும் இங்கே பிறப்பு ஒன்றுதான். 'ஓர் இடம் காலியாக இருக்கிறது' என்ற கருத்திலிருந்து, அந்த இடத்தில் காலத்தை வைத்தவர்கள், வேலையின்மையை வைத்தவர்கள், சந்தர்ப்பத்தை வைத்தவர்கள், உரிமையை வைத்தவர்கள் என்று மொழிகள் பிரிந்திருக்கின்றன. 'உபந்யாசம்' கூட அப்படித்தான்: எடுத்து முன்வைத்தல் என்ற பொருளிலிருந்து தமிழில் சமயச் சொற்பொழிவு, தெலுங்கிலும் கன்னடத்திலும் பொதுவாகச் சொற்பொழிவு, இந்தியிலும் வங்காளத்திலும் நாவல். 'ராஜினாமா' பாரசீகத்தில் சம்மதப் பத்திரம். இந்தியில் வழக்காடிய இருவர் சமரசமாகப் போய் எழுதிக்கொள்ளும் உடன்பாடு. தமிழிலும் மராத்தியிலும் பதவியை விட்டு விலகும் கடிதம்.

எழுத்துகூட மாறாமல் ஏமாற்றுவது 'சிக்ஷா'. இந்தியும் மராத்தியும் ஒரே தேவநாகரியில் அதை எழுதுகின்றன. இந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவையும் மராத்தியின் பக்கமே நிற்கின்றன. பயிற்றுவித்தல், திருத்துதல், தண்டித்தல் என்று பொருள் நகர்ந்த வழி புரியாததல்ல. பள்ளிக்கூடப் பிரம்பின் வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கேள்வி: ஜெர்மன் மொழியில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு என்று படித்தேன். ஆங்கிலத்தில் பரிசு. இவ்வளவு எதிரான இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் எப்படி அமைந்தன?

பதில்: அவை இரண்டு சொற்கள் அல்ல என்பதுதான் வியப்பு. கொடுத்தல் என்ற பொருளுடைய ஒரே ஜெர்மானிய வேரில் பிறந்தவை; இரண்டுக்கும் தொடக்கப் பொருள் 'கொடுக்கப்படுவது'. கிரேக்க மருத்துவத்தில் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கு 'டோசிஸ்' என்று பெயர். அதற்கும் 'கொடுத்தல்' என்பதே சொற்பொருள். அதை இலத்தீன் வழியாக அறிந்த ஜெர்மானியர் தங்கள் 'கிஃப்ட்' என்ற சொல்லை அதற்கு ஈடாக வழங்கினர். மருந்தின் அளவு என்பது காலப்போக்கில் நஞ்சின் அளவாகி, பிறகு நஞ்சே ஆயிற்று. வெளிப்படையாக 'நஞ்சு' என்று சொல்லத் தயங்கி 'கொடுத்தது' என்று மறைத்துச் சொன்ன இடக்கரடக்கலும் இதற்கு உதவியிருக்கலாம். பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை: பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீதனத்துக்கு ஜெர்மனில் 'மிட்கிஃப்ட்' என்றே பெயர். சுவீடன் மொழியிலோ அதே எழுத்துக்கூட்டல் நஞ்சையும் குறிக்கும், திருமணமானவர் என்பதையும் குறிக்கும். அந்த நாட்டவர் இதைப் பற்றிச் சொல்லும் நகைச்சுவைகளை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே உறவற்றவை வேண்டுமென்றால் எஸ், ஏ, எல், இ என்ற நான்கு எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சேல்', விற்பனை. பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'சால்', அழுக்கானது. பழைய ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றிலிருந்து வந்தது. இத்தாலியத்தில் 'சாலே', உப்பு, இலத்தீனிலிருந்து வந்தது. மூன்று நாட்டுக் கடைகளின் கதவில் அதே பலகையைத் தொங்கவிட்டால் மூன்று விதமான கூட்டம் வரும். இத்தாலியர் வெண்ணெய்க்கும் ஸ்பானியர் கழுதைக்கும் ஒரே 'புர்ரோ'வை எழுதுவதும் இப்படிப்பட்ட தற்செயலே. ஆங்கிலத்தின் வலியும் பிரெஞ்சின் ரொட்டியும் பி, ஏ, ஐ, என் என்ற ஒரே எழுத்துகளில் நிற்கின்றன. முன்னது தண்டத்தைக் குறித்த இலத்தீன் 'பேனா', பின்னது ரொட்டியைக் குறித்த 'பானிஸ்'.

கேள்வி: சீனமும் ஜப்பானியமும் ஒரே சித்திர எழுத்துகளைப் பயன்படுத்துவதால், ஒருவர் எழுதியதை மற்றவர் புரிந்துகொள்ள முடியும் என்கிறார்களே?

பதில்: பாதி தூரம் வரை முடியும். மலை, நீர், மனிதன் போன்றவற்றில் சிக்கல் இல்லை. 'கை' என்ற எழுத்தையும் 'தாள்' என்ற எழுத்தையும் அடுத்தடுத்து எழுதினால் ஜப்பானியருக்கு அது கடிதம். சீனருக்குக் கழிப்பறைத் தாள். 'மகள்' என்று ஜப்பானியர் படிக்கும் எழுத்து சீனத்தில் தாயைக் குறிக்க வரும். நீராவி வண்டி என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் ஜப்பானியத்தில் ரயில், சீனத்தில் கார். ஒலியை எழுதும் எழுத்துகள் பொருளில் ஏமாற்றுகின்றன என்றால், பொருளையே எழுதும் எழுத்துகளும் அதைச் செய்யத்தான் செய்கின்றன.

கேள்வி: கொரிய மொழியில் தந்தையை 'அப்பா' என்கிறார்கள். ஆங்கில 'எய்ட்' நம் 'எட்டு' போலவே இருக்கிறது. இவ்வளவு ஒற்றுமைகள் தற்செயலாக இருக்க முடியுமா? இவற்றைத் தமிழின் தொன்மைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாதா?

பதில்: இந்த ஒரு கேள்வியைத்தான் மிகப் பலர், சிலர் நீண்ட பட்டியல்களோடு, அனுப்பியிருக்கிறார்கள். தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் இலக்கியமும் போதுமான சான்று தருகின்றன. நொண்டிச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவது வழக்கைப் பலவீனமாக்கும் என்பது என் கருத்து.

எட்டிலிருந்தே தொடங்குவோம். இரண்டு சொற்கள் ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருந்தால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக அவை நெருங்கி வர வேண்டும். ஆங்கில 'எய்ட்' பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்ட'; இன்று ஒலிக்காமல் எழுத்தில் மட்டும் கிடக்கும் ஜி, ஹெச் அந்த ஒலியின் எச்சம். ஜெர்மனில் 'ஆஹ்ட்', இலத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. இப்போது நம் பக்கம் வாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் ஆகியவற்றில் எட்டு 'எண்' என்று நிற்கிறது. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. மூக்கொலி ஒன்று அடியில் இருந்தது என்பது தெளிவு. ஒரு பக்கம் 'ஒக்டோ'வை நோக்கிப் போகிறது, மறுபக்கம் 'எண்'ணை நோக்கிப் போகிறது. பின்னோக்கிப் போகும்தோறும் விலகுகிற இரண்டு பாதைகள் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டிருக்க முடியாது. இன்று அவை சந்தித்திருப்பது வழியில் நேர்ந்த சந்திப்பு.

இதற்கு நேர்மாறானதையும் பாருங்கள். தமிழ்ப் 'பத்து' கன்னடத்தில் 'ஹத்து'. 'பால்' அங்கே 'ஹாலு', 'பல்' அங்கே 'ஹல்லு', 'புலி' அங்கே 'ஹுலி'. முதலெழுத்து ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை, ஆனால் ஒத்துப்போகாத விதம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கிறது. பழைய கன்னடத்தில் இவை பகரத்தோடே எழுதப்பட்டன. மொழியியலார் உறவைத் தேடுவது இத்தகைய ஒழுங்கான வேறுபாட்டில்தான். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதில் அன்று.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் வழங்கி மறைந்த 'ம்பாபரம்' என்ற பழங்குடி மொழியைச் சொல்வேன். 1960களில் அதைப் பதிவு செய்த மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன், நாய்க்கு அந்த மொழியில் என்ன பெயர் என்று கேட்டபோது கிடைத்த விடை 'டாக்'. ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அண்டை மொழிகளில் நாய்க்கு 'குடகா', 'குடா' என்று பெயர்கள் இருந்தன. முதலசை தேய்ந்து, உயிரொலி மாறி, அந்த மொழிக்கே உரிய ஒலி விதிகளின்படி அது 'டாக்' ஆகியிருந்தது. எழுத்தும் ஒன்று, பொருளும் ஒன்று, உறவு மட்டும் இல்லை. பாரசீகத்தில் கெட்டது என்பதற்கு 'பத்' என்று ஒரு சொல் உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதினால் அது ஆங்கிலச் சொல்லாகவே தோன்றும், பொருளும் அதுவே. அவையும் உறவினர் அல்லர்.

'அப்பா'வுக்குக் காரணம் வேறு. குழந்தையின் வாய் முதலில் பழகுவது இதழ்களைச் சேர்த்துப் பிரிக்கும் ம, ப என்ற ஒலிகள். அருகில் இருக்கும் பெரியவர்கள் அந்த மழலையைத் தங்கள் பெயராக ஏற்றுக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விரிவாக விளக்கினார். எனவே உறவே இல்லாத மொழிகளில் அம்மா, அப்பா போன்றவை ஒத்திருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. மொழி ஆய்வாளர்கள் உறவை நிறுவும்போது இந்தச் சொற்களை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிடுவதற்கும் அதுதான் காரணம். எந்த ஒலி யாருக்குப் போய்ச் சேரும் என்பதில் ஒவ்வொரு மொழியும் தன் விருப்பப்படி நடந்துகொள்கிறது. 'மாமா' என்ற இரண்டு எழுத்தை எழுதிக் காட்டினால் நாமும் இந்தி பேசுகிறவரும் தாயின் உடன்பிறந்தவனை நினைப்போம், ஐரோப்பியர் பலர் தாயையே நினைப்பார்கள், ஜார்ஜிய மொழி பேசுகிறவர் தம் தந்தையைத் தேடுவார்.